கிணறும் குழியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடுகின்ற ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. அதுவும் மாரியிலே ஓடிக் கோடையிலே வற்றிவிடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவந்து பொழியும் மழை மண்ணுள் இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. அந்த நீரையே குடாநாட்டு மக்கள் கிணறு வெட்டி எடுத்துப் பல நூற்றாண்டுகளாகக் குடித்தும் குளித்தும் தோட்டத்துக்கு இறைத்தும் வந்திருக்கின்றனர். இந்த நன்னீர், கடல் நீரைவிடப் பாரம் குறைந்தது ஆதலால், நிலத்தின் கீழே கடல் நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் காணப்படுவதற்குக் காரணம் இதுவே. கீரிமலையிலே கடலின் விளிம்பிலேயே நன்னீர் ஊறுவதும் கல்லினுள்ளே நீருக்கு வழிகள் உண்டு என்பதற்குச் சான்று.

இத்தகைய நிலத்திலே ஒவ்வொரு வளவிலும் இரண்டு குழிகள் இருக்கின்றன. ஒன்று கிணறு. அதை வெட்ட நாள் பார்ப்பர், நீரோட்டம் பார்ப்பர், கட்டுக் கட்டிக் கப்பி போட்டு அதைப் பேணுவர். மற்றையது மலசலகூடத்தின் பின்னாலே கொங்கிறீற்று மூடியின் கீழே கிடக்கும் மலக்குழி. அதற்கு நாள் பார்ப்பவர் இல்லை. இடம் பார்ப்பவரும் சிலரே. வீடு கட்டி முடித்தபின் மிச்சமிருக்கும் மூலை எதுவோ அதுவே அதற்கு உரிய இடமாகின்றது. ஒரு குழியிலிருந்து நீர் எடுக்கப்படுகின்றது. மற்றக் குழியிலே நீர் விடப்படுகின்றது. இரண்டுக்கும் அடி நிலம் ஒன்றே என்பது மட்டும் பெரும்பாலும் நினைக்கப்படுவதில்லை.

"எங்கள் மலக்குழி கட்டி இருபது வருடமாயிற்று; இன்றுவரை ஒருமுறையேனும் நிறையவில்லை" என்று பெருமையோடு கூறுவோரை எவ்வூரிலும் காணலாம். அது கட்டிய மேசனின் கைராசி என்பாரும் உளர். ஐந்து பேர் இருபது வருடம் பயன்படுத்திய குழி நிறையவில்லையாயின், அதனுள்ளே போனது எங்கே என்று அவர்களை வினவுதல் வேண்டும். அதில் ஒரு பகுதி உக்கி வாயுவாகப் போகும் என்பது மெய்தான். ஆனால் எல்லாம் அவ்வாறு போவதில்லை. எஞ்சியது குழியின் அடியாலும் பக்கத்தாலும் இறங்கிக் கல்லின் வெடிப்பு வழியாக நிலத்தடி நீரைச் சேர்ந்தது என்பதே விடை. நிறையாத குழி நல்ல குழி அன்று. அது ஒழுகும் குழி.

ஒழுகும் குழி ஒன்று என்ன செய்யும் என்பதை உலகம் அறிந்துகொண்டது இலண்டன் மாநகரிலே. 1854ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத முடிவிலே சோகோ என்னும் பகுதியில் வாந்திபேதி திடீரெனப் பரவிற்று. சில கிழமைகளுள் 600 பேருக்கு மேல் மாண்டனர். நாற்றம் பிடித்த காற்றினாலேயே நோய் பரவுகின்றது என்று வைத்தியர் பலரும் நம்பியிருந்த காலம் அது. ஜோன் சினோ என்னும் வைத்தியர் மட்டும், இறந்தோரின் வீடுகள் எங்கெங்கே இருந்தன, அவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தனர் என்று வீடு வீடாக விசாரித்தார். புரோட் வீதியிலே இருந்த கைப்பம்பு ஒன்றையே அத்தனை மரணங்களும் சுட்டின. அவர் சொற்படி அப்பம்பின் கைபிடி கழற்றப்பட்டது.

பலர் இக்கதையை இவ்வளவிலே நிறுத்திவிடுவர். உண்மையில் அதன் பின்பாதியே வீட்டுக்காரருக்கு வேண்டியது. சினோவின் கருத்தை முதலில் ஏற்காத ஹென்றி வைற்ஹெட் என்னும் இளம் குருவானவர், அது பிழை என்று காட்டும் நோக்கத்தோடு தாமும் விசாரிக்கத் தொடங்கினார். விசாரிக்க விசாரிக்கச் சினோவின் பக்கமே சாய்ந்தார். பம்புக்கு எதிரேயிருந்த 40ஆம் இலக்க வீட்டிலே ஒரு பச்சைக் குழந்தை நோயின் தொடக்க நாள்களில் வயிற்றோட்டம் கண்டு இறந்ததென்றும், அதன் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டின் முன்புறக் கழிவுக் குழியில் ஊற்றினாள் என்றும் அவர் அறிந்தார். 1855இல் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தபோது அக்குழியின் செங்கற் சுவர் உக்கிப்போயிருந்தது. குழிக்கும் பம்பின் கிணற்றுக்கும் இடையே இருந்த தூரம் மூன்று அடியிலும் குறைவு. அந்தக் குழியும் நிறையாத குழியாகவே இருந்திருக்கும்.

வாந்திபேதி இன்று இலங்கையில் அச்சுறுத்தும் நோயாக இல்லை. ஆயினும் நெருப்புக்காய்ச்சல், வயிற்றுளைவு, செங்கமாரியின் ஒரு வகை ஆகியன மலத்திலிருந்து வாய்க்கு வரும் வழி அன்று போலவே இன்றும் உள்ளது. யாழ்ப்பாணத்திலே நெருப்புக்காய்ச்சல் நெடுங்காலமாக ஊரறிந்த நோய்.

கழிவு நீரை அகற்றும் பழக்கம் நம்மவருக்குப் புதிதன்று. மணிமேகலை காட்டும் நகர வருணனையில், வீடுகளிலே நீராடிய நீர் நிலத்தடி வழியே சென்று அகழியைச் சேர்கின்றது. சுருங்கை, தூம்பு என்னும் சொற்கள் அந்நாளைய குழாய்களுக்கும் கால்களுக்கும் பெயர்கள். அனுராதபுரத்துப் பழைய விகாரைகளிலே, சலம் கழிக்கும் செதுக்குக் கற்களின் கீழே, அடியில் துளையிட்ட மட்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தனர். கழிவு நேரே நிலத்தடி நீரை அடையக்கூடாது, வழியிலே வடிய வேண்டும் என்னும் அறிவு அதிலே தெரிகின்றது. கற்றளியும் தூபியும் காணச் செல்வோர் அக்கற்களையும் சற்று நின்று பார்த்தல் நன்று.

கொழும்பிலே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நிலத்தடிக் கழிவுக் குழாய்கள் இடப்பட்டன. அங்கே வீட்டுக் கழிவு தெருக்குழாயைச் சேர்ந்து, வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுள் நீளும் குழாய்களால் வெளியேறுகின்றது. நாட்டின் ஏனைய பகுதிகளிலே, யாழ்ப்பாண நகரம் உட்பட, பெரும்பான்மையான வீடுகளின் கழிவு அந்தந்த வீட்டு வளவுக்குள்ளேயே முடிய வேண்டும். ஆகவே வளவுக்குள் இருப்பது வெறுங்குழியா, முறையான தாங்கியா என்பது முக்கியமாகின்றது.

செப்ரிக் தாங்கி என்று மக்கள் வழங்குவது, அடியும் நாற்புறமும் நீர் கசியாதபடி கட்டிய மூடிய தொட்டி. 1860 அளவிலே பிரான்சிலுள்ள வெசூல் என்னும் ஊரில் மூறா என்பவர் ஒரு வீட்டுக்கு இத்தகைய தொட்டியைக் கட்டினார். பல வருடங்களின் பின் அதைத் திறந்தபோது எதிர்பார்த்த அளவு திண்மக் கழிவு உள்ளே இல்லாதது கண்டு வியந்தனர். 1890களில் இங்கிலாந்தின் எக்சற்றர் நகரத்துப் பொறியியலாளர் டொனால்ட் கமரன், அதைச் சீர்திருத்திச் செப்ரிக் என்ற பெயரையும் இட்டார். அழுகச் செய்வது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்த பெயர் அது. கழிவு முழுவதையும் தொட்டி தின்றுவிடும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் எழுந்தது. அது பாதி உண்மை. அந்தப் பாதியை முழுமையாக நம்பியதன் விளைவே இன்றும் நிலவும் 'நிறையாத குழி'ப் பெருமை.

தொட்டியினுள்ளே நடப்பது எளிமையானது. உள்ளே வரும் நீர் அங்கே ஒரு நாளேனும் அசையாது தங்க வேண்டும். அவ்வாறு தங்கும்போது பாரமானவை அடியிலே வண்டலாகப் படிகின்றன. எண்ணெயும் கொழுப்பும் மேலே பாலாடைபோல ஓர் ஆடையாக மிதக்கின்றன. இரண்டுக்கும் நடுவிலே ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். காற்று வேண்டாத பற்றீரியாக்கள் வண்டலைச் சிறிது சிறிதாக உக்கச் செய்கின்றன; அப்போது மெதேன் முதலிய வாயுக்கள் உண்டாகின்றன. நடுவிலே நிற்கும் நீர் மட்டுமே வெளியேற வேண்டும். அதற்காகவே நீர் புகும் வாயிலும் வெளியேறும் வாயிலும் 'ரீ' வடிவக் குழாய்களை வைத்து, அவற்றின் கீழ்முனையை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்குகின்றனர். வெளிவாயிலில் இக்குழாய் உடைந்துபோனால் மேலே மிதக்கும் ஆடை அப்படியே உறிஞ்சு குழிக்குப் போய் அதன் துளைகளை அடைத்துவிடும். இருபது ரூபாவை மிச்சம் பிடிக்க நினைத்து இருபதாயிரத்தை இழப்பது என்றால் இதுவே. தொட்டியை நடுச்சுவரால் பிரித்து முதலறையைப் பெரிதாகவும் இரண்டாம் அறையைச் சிறிதாகவும் கட்டினால் வண்டல் அடுத்த பக்கம் செல்வது மேலும் குறையும்.

தொட்டியை விட்டு வரும் நீர் தெளிவாகத் தோன்றினாலும் தூய்மையானதன்று. நோய்க்கிருமிகள் அதிலே ஏராளம். அவற்றை வடிக்கும் வேலை மண்ணுக்கு உரியது. ஈரஞ் சுவறாத, காற்றோட்டமுள்ள மண்ணினூடே நீர் மெல்ல இறங்கும்போது மணிகளுக்கிடையிலே கிருமிகள் தடைப்பட்டு இறக்கின்றன. ஆகவே உறிஞ்சு குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே எத்தனை அடி மண் உண்டு என்பதே வினா. குடாநாட்டிலே பல இடங்களில் செம்மண் சில அடி மட்டுமே. அதன் கீழ் கல். ஆழமாக வெட்டினால் அதிக நீர் இறங்கும் என்று எண்ணிக் கல்லையும் உடைத்து வெடிப்பைத் தொடும் வரை வெட்டுவிப்போர் உளர். நீர் இறங்கும் என்பது உண்மையே. வடிகட்டாமல், சில மணி நேரத்திலே, யாரோ ஒருவரின் கிணற்றுக்கு இறங்கும். கல் மேலாக உள்ள இடத்திலே ஆழமான குழியைவிட, மண்ணின் மேற்பகுதியிலே அகலமாகவும் நீளமாகவும் சல்லிக்கல் நிரப்பிய ஆழமற்ற கிடங்கே நல்லது. தேவையாயின் மண் கொட்டி மேடாக்கி அதிலே அமைத்தலும் கூடும்.

கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே 50 அடியாவது இருத்தல் வேண்டும் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அதைக் குடாநாட்டு வளவிலே பொருத்திப் பார்த்தால் சிக்கல் விளங்கும். 10 பேர்ச் கொண்ட ஒரு பரப்பு நிலம் ஏறத்தாழ 2,722 சதுர அடி. அது சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி. மூலைக்கு மூலை 74 அடி. வீட்டையும் கட்டி, எதிரெதிர் மூலைகளிலே கிணற்றையும் குழியையும் வைத்தால் சொந்தக் கிணறு தப்பும். ஆனால் குழி இருக்கும் மூலைக்கு அப்பால் வேலி. வேலிக்கு அப்பால் அயலவரின் கிணறு. அவரும் தம் கிணற்றுக்குத் தூரமாக என்று எண்ணித் தம் குழியை இவர் கிணற்றடிக்கு வேலியோரமாக வைத்திருப்பார். முதுசமாக வந்த எட்டுப் பரப்பு வளவு பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரிந்து பிரிந்து இரண்டு பரப்பும் ஒரு பரப்பும் ஆகும்போது, காணியோடு கிணறும் குழியும் பெருகுகின்றன. கீழேயுள்ள நீர் மட்டும் பெருகுவதில்லை. மண்ணிலே 50 அடி தருகின்ற காப்பை வெடித்த சுண்ணாம்புக்கல்லிலே 50 அடி தராது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். வீடு கட்டுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து அயல் வளவுகளையும் சேர்த்துப் பார்க்கச் செய்வது வெறும் சம்பிரதாயம் அன்று.

கிருமிக்குக் கொதிக்க வைத்தல் ஒரு மாற்று. கொதிக்க வைத்தாலும் போகாத பொருள் ஒன்று உண்டு, அது நைத்திரேற்று. மலசலத்திலுள்ள நைதரசன் முதலில் அமோனியாவாகி, மண்ணிலே காற்றுப் படும்போது நைத்திரேற்றாக மாறுகின்றது. அது நீரிலே முற்றாகக் கரைவது. மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. நல்ல தாங்கியும் அதை நீக்குவதில்லை. நீரைக் கொதிக்க வைத்தால் ஆவி போய் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. 1980கள் முதல் நடந்த ஆய்வுகள் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை கடந்திருப்பதைக் காட்டியுள்ளன. தோட்டங்களுக்கு இடும் இரசாயனப் பசளைக்கு இதிலே பெரும் பங்கு உண்டு. நெருக்கமாக அமைந்த மலக்குழிகளுக்கும் பங்கு உண்டு. போத்தற் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். நிறமும் மணமும் சுவையும் அற்ற பொருள் ஆதலால் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பியே இதை அறியலாம்.

தாங்கி கட்டும்போது செய்ய வேண்டிய ஒரு சோதனை மிக எளிது. செய்வோர் மிகக் குறைவு. மேசன் கூலி வாங்கிப் போகுமுன் தாங்கியை நிரம்ப நீரால் நிரப்பி, மட்டத்தைச் சுவரிலே கீறி, ஒரு நாள் விட்டுப் பார்த்தல் வேண்டும். நீர்மட்டம் இறங்கினால் அடியிலோ மூலையிலோ வெடிப்பு உண்டு. சீமெந்துப் பூச்சுக்குத் திரும்பவும் ஒருநாட் கூலி கொடுப்பது, பின்னொரு நாளில் கிணற்றைக் கைவிடுவதிலும் மலிவு.

வண்டலின் கணக்கும் எளிதே. ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 40 லீற்றர் வண்டல் சேரும் என்று பொறியியலாளர் கொள்வர். ஐந்து பேருக்கு 200 லீற்றர். தாங்கி 1,800 லீற்றர் கொள்ளுமாயின் அதன் மூன்றிலொரு பகுதியை வண்டல் பிடிக்க மூன்று வருடம் செல்லும். அந்த அளவுக்கு வந்ததும் எடுத்துவிடுதல் வேண்டும். வண்டல் உயர உயர நீர் தங்கும் இடம் சுருங்குகின்றது. தங்காத நீர் கலங்கியபடியே வெளியேறுகின்றது. வெளியே பொங்கி வழியும் வரை காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. அப்போது தாங்கியை வெறுமையாக்கினாலும் உறிஞ்சு குழி முன்னரே சேற்றால் அடைபட்டிருக்கும். அதை மீட்டல் அரிது. நீண்ட கம்பு ஒன்றின் அடிப்பகுதியிலே வெள்ளைத் துணியைச் சுற்றி, மூடியின் துவாரத்தால் அடிவரை இறக்கி, சற்றுப் பொறுத்து எடுத்தால், துணியிலே கறுத்த அளவே வண்டலின் உயரம். வருடத்துக்கு ஒருமுறை இதைப் பார்த்துக் குறித்து வைக்கலாம். பார்ப்பவர் துவாரத்தின்மேல் முகத்தைக் குனியலாகாது. அருகே நெருப்பும் இருத்தலாகாது.

பற்றீரியாவை வளர்க்கவென்று விற்கப்படும் பொடிகளும் திராவகங்களும் வேண்டியதில்லை. சாணத்தைக் கரைத்து ஊற்றுவதும் வீண்வேலை. வேண்டிய பற்றீரியாக்களை அந்த வீட்டார் நாள்தோறும் தாமே அனுப்பிக்கொண்டிருக்கின்றனர். அவற்றைக் கொல்லாமல் விடுவதே போதும். மலசலகூடத்தைக் கழுவ அளவோடு பாவிக்கும் கிருமிகொல்லியால் பெரிய தீங்கில்லை. போத்தலைக் கவிழ்த்து முழுவதையும் ஊற்றுவதே தீது. பொலித்தீன், துணி, தலைமயிர், குழந்தையின் அணையாடை, மாத விலக்குக் காலத்துப் பஞ்சுத் துணிகள், மிஞ்சிய வர்ணப்பூச்சு, காலாவதியான மருந்து ஆகியன எக்காரணங் கொண்டும் உள்ளே போகலாகாது.

தாங்கியினுள்ளே மனிதர் இறங்குதல் கூடாது. வண்டல் எடுத்து வெறுமையாகக் காணப்படும் தாங்கியும் உயிரைக் குடிக்கும். ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு சிறிதளவிலே அழுகிய முட்டைபோல நாறும். அளவு மிஞ்சினால் மூக்கை மரக்கச் செய்து நாற்றமே தெரியாமற் செய்துவிடும். நாற்றம் போயிற்று என்று இறங்குபவர் சில விநாடிகளில் மயங்கி வீழ்வார். அவரைத் தூக்கவென்று இறங்கும் இரண்டாமவரும் வீழ்வார். இத்தகைய மரணங்களில் ஒன்றோடு ஒன்று சேர்ந்து இரண்டு மூன்று உயிர் போவதன் காரணம் இதுவே. இந்தியா 1993இலும் 2013இலும் சட்டம் இயற்றியும் அங்கே இம்மரணங்கள் முற்றாக ஒழிந்தபாடில்லை. நம் ஊர்களிலும் வாளி மலசலகூடங்கள் இருந்த நாளிலே, ஊராரின் கழிவைச் சுமந்தவர்களுக்கு ஊரார் கொடுத்தது சில சதமும் பல அவமதிப்பும். உறிஞ்சும் குழாயோடு கூடிய பவுசர் வண்டி வந்தபின், கூலிக்கு ஒருவரை இறக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ பவுசரைக் கேட்டுப் பெறல் வேண்டும். தனியாரை அழைத்தால், எடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவர் என்பதைக் கேட்டறிதலும் வீட்டுக்காரர் கடமை. ஒரு வளவிலிருந்து எடுத்து இரவோடிரவாக இன்னொருவர் வயலிலோ வாய்க்காலிலோ ஊற்றினால் கழிவு அகன்றதாகாது.

இனி, வீட்டிலிருந்து தாங்கி வரையுள்ள குழாய். நாலங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி சரிவு போதுமானது. வளைவு வருமிடத்திலே மூடியோடு சிறு பரிசோதனைத் தொட்டி ஒன்று இருந்தால், அடைப்பு எந்தப் பகுதியிலே என்று பார்க்க நிலத்தைத் தோண்ட வேண்டியதில்லை. அடைப்பின் பிறப்பிடம் பெரும்பாலும் மலசலகூடம் அன்று; அடுக்களை. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். வெந்நீரோடு உருகி ஓடிய எண்ணெய் நிலத்தடிக் குழாயிலே குளிர்ந்து சுவரிலே படிகின்றது. நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் இது எந்நாளும் நடப்பது. யாழ்ப்பாணத்திலே மார்கழி, தை மாதத்து விடியற்காலைகளில் நடப்பது. அதன்மேல் சோற்றுப் பருக்கையும் தேங்காய்ப்பூவும், பாத்திரம் மினுக்கிய சாம்பலும் தும்பும் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்ச் சட்டியைக் கழுவுமுன் பழங்கடதாசியால் துடைத்தெடுத்தல், கழுவு தொட்டியின் வாயிலே சிறு சல்லடை வைத்தல் ஆகிய இரண்டினாலே பாதி அடைப்புத் தீரும்.

கழுவு தொட்டியின் கீழே குழாய் வளைந்து நிற்பதையும் அதிலே எப்போதும் சிறிது நீர் தேங்குவதையும் சிலர் குறையென்று எண்ணுவர். அந்நீரே நாற்றத்துக்குப் பூட்டு. 1775இல் அலெக்சாண்டர் கமிங் என்னும் கடிகாரக் கைவினைஞர் உரிமை பெற்ற உத்தி அது. விருந்தினருக்கென்று பூட்டிக்கிடக்கும் குளியலறையிலே நாற்றமும் கரப்பானும் வந்தால், பூட்டிலே நீர் வற்றியது என்று அறிந்து ஒரு செம்பு நீர் ஊற்றினாற் போதும். தாங்கியின் வாயு போகும் நெடுங்குழாயின் வாயிலே நுளம்புவலை கட்டல் வேண்டும். வெடித்த மூடியைச் சீமெந்தால் அடைத்தல் வேண்டும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்சு நுளம்புக்கு இத்தகைய தாங்கிநீர் உகந்த பிறப்பிடம். அந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருந்த நிலை இலங்கையில் நீங்கிற்று என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது, நுளம்பு நீங்கவில்லை.

பழைய யாழ்ப்பாண வீட்டிலே கிணற்றடி நீர் வாழைக்கும், அடுக்களை நீர் தென்னைக்கும் கமுகுக்கும் போயிற்று. மலக்கழிவோடு அதைச் சேர்ப்பதில்லை. இன்று எல்லாக் குழாயையும் ஒன்றாக்கி ஒரே தாங்கியில் விடுவது நாகரிகம் எனக் கருதப்படுகின்றது. இது பழையவரின் புத்தியிலும் குறைந்த புத்தி. குளித்த நீரும் துணி துவைத்த நீரும் வந்து புகுந்தால் தாங்கியிலே ஒரு நாள் தங்க வேண்டிய நீர் சில மணி நேரத்திலே தள்ளப்பட்டு வெளியேறும். துலா மிதித்து இறைத்த காலத்திலே நீரின் அருமை கைக்குத் தெரிந்திருந்தது. மோட்டர் பொத்தானை அழுத்தும் விரலுக்கு அது தெரியாது. 2024இலே தாளையடியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய் நீர் எந்த வீட்டுக்கு வந்தாலும், வந்த நீர் அத்தனையும் அந்த வளவிலே எங்கேனும் வெளியேறியே ஆக வேண்டும். குடிநீர் குழாயிலே வருகின்றது, இனிக் கிணறு எக்கேடு கெட்டால் என்ன என்று எண்ணுவோர், தோட்டமும் அயலவரும் அதே நீரை நம்பியிருப்பதை மறந்தவர் ஆவர். கழுவு நீரை வேறாகப் பிரித்து, கிணற்றுக்கு எட்ட, வாழைப் பாத்திக்கு விடுதலே தகும்.

காலமும் பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியிலே நிலத்தடி நீர் உயர்ந்து சில இடங்களில் உறிஞ்சு குழியின் அடியைத் தொட்டுவிடும். அப்போது குழி நீரை உறிஞ்சாது. தாங்கி நிரம்பிக் கழுவிய நீர் மலசலகூடத்திலேயே திரும்பி நிற்கும். மக்கள் பவுசரைத் தேடி ஓடுவதும் அப்போதுதான். ஈரம் பிடித்த நிலத்திலே தாங்கியை வெறுமையாக்கினால், ஒழுகும் தாங்கி இரண்டு நாளிலே வெளிநீரால் மீண்டும் நிறையும். நிலத்திலே புதைத்த பிளாத்திக்குத் தாங்கியோ பாரம் நீங்கி மேலே கிளம்பி இணைப்புக் குழாயை முறிக்கவும் கூடும். ஆடி, ஆவணியிலே மூடியைத் திறந்து வண்டலை அளந்து, தேவையாயின் எடுத்துவிடலாம். பவுசரும் அப்போது எளிதிலே கிடைக்கும். தாங்கியும் உறிஞ்சு குழியும் எங்கே உள்ளன என்று கிணற்றடியிலிருந்து அடிக்கணக்கோடு ஒரு படம் வரைந்து காணி உறுதியோடு வைத்தல் வேண்டும். மூடியின்மேல் முற்றத்துக்குச் சீமெந்து பூசிவிட்டுப் பத்து வருடத்தின் பின் அலவாங்கோடு தேடித் திரியும் வீடுகள் பல. வீட்டை வாங்க வருபவர் கிணற்றை எட்டிப் பார்த்து நீர் நல்லதா என்று கேட்பார். அந்தப் படத்தையும், கடைசியாக வண்டல் எடுத்த திகதியையும் சேர்த்துக் கேட்பாராக.